கண் பிழைச்சிடுச்சு

"கண்டுபிடிக்கிற வேலை உங்களுக்கு இல்லம்மா. யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்" என்றார் பல் டாக்டர்.

"கண்டுபிடிக்காம எப்படி டாக்டர் நிரூபிக்கிறது?" என்றார் அண்ணி.

"ஆடுற பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி அது ஏன் ஆடுதுன்னு நான் விசாரணை கமிஷன் வைக்கிறதில்ல."

"அதனாலதான் சில பேர் நல்ல பல்லைக் கையில வாங்கிட்டு வீட்டுக்குப் போறாங்க."

வியாழக்கிழமை காலை நடந்த இந்தப் பேச்சு, சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, மூன்றாவது மாடியில் பூட்டிக் கிடந்த ஓர் இரும்பு கிரில் கதவுக்கு வெளியே நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது. கிரில்லுக்கு உள்ளே எங்களை முறைத்துக்கொண்டு நின்றவர்தான் டாக்டர் பிடுங்கச் சொன்ன பல்.

அவர் ஃபிஸிக்ஸ் வாத்தியார். டாக்டர் மனைவியின் உடன்பிறந்த தம்பி. அடுத்த மாதம் தலைமை ஆசிரியராக வேண்டியவர். இன்று மாலை ஐந்து மணிக்கு அவர்மேல் போலீஸில் திருட்டுப் புகார் கொடுக்கப் போவதாக டாக்டர் சொல்லியிருந்தார். புகார் பதிவானால் தலைமை ஆசிரியர் நாற்காலி போகும். இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் போகும். அக்கா தம்பி என்ற உறவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சமும் அதோடு போகும்.

திருட்டுப் போனதாகச் சொல்லப்பட்டது ஒரு செடி.

சாதாரணச் செடி இல்லை, ஆர்க்கிட். டாக்டர் தன் வீட்டுக் கொல்லையில் பசுமைக்குடில் கட்டி, நூற்று நாற்பது தொட்டி வைத்திருக்கிறார். நூற்று நாற்பதும் ஒரே இனம். பூக்காத நாளில் உள்ளே போனால் யூனிஃபார்ம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பூத்தால்தான் யார் யாரென்று தெரியும். பெரும்பாலும் இளஞ்சிவப்பு. அதில் அபூர்வமாக வருகிற ரகங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதுதான் டாக்டரின் வாழ்க்கை. இதழ் நுனியில் மை தெளித்தது மாதிரி இருப்பது 'மைச்சிந்தல்'. உதடு மட்டும் கறுத்துப்போனது 'கருவாயன்'. ஒரு பொட்டு நிறம்கூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று பூப்பது 'உப்பு'. ஊரில் உப்பு ஒன்றே ஒன்று, அது தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது டாக்டரின் பெருமை.

வியாழக்கிழமை அவர் எங்களைச் சுற்றிக் காட்டினார். இந்தத் தண்டைப் பாருங்க, இந்தக் கண்ணைப் பாருங்க, இந்த வேர் நுனியைப் பாருங்க என்று பாடம் நடத்திக்கொண்டே போய், கடைசித் தொட்டி முன்னால் நின்றார். 'உப்பு' என்று எழுதிய லேபிள் செருகியிருந்த அந்தத் தொட்டியில் பூத்திருந்தது அசல் இளஞ்சிவப்பு.

அதே வாரத்தில், வாத்தியாரின் பக்கத்து ஃப்ளாட்காரர் ஆர்க்கிட் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டார். வாத்தியாரின் பால்கனி. அதில் ஒரு தொட்டி. அதில் ஒரு வெள்ளைப் பூ. டாக்டர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

முடிச்சுப் போடக் கயிறு ஏற்கெனவே தயாராக இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் மலர்க் கண்காட்சியில் டாக்டர் தன் செடிக்குப் பக்கத்தில் 'தூய வென்மை' என்று எழுதி வைத்தார். நடுவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே, தானும் ஆர்க்கிட் வளர்க்கிற வாத்தியார் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு சுழி 'ன்'னை அடித்து மூன்று சுழி 'ண்' போட்டார். வாத்தியார் கை, சும்மா இருக்காது. அன்று மாலையே டாக்டர், "இனிமே உன் தம்பி என் கேட்டைத் தாண்டக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். ஒரு சுழி வித்தியாசத்தில் ஒரு குடும்பம் உடைந்து போனது.

அண்ணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய கொழுந்தன். டிரைவிங் ஸ்கூல் நடத்தி மூடியவன். ஸ்கூல் போய், ஒரு பழைய கார் மட்டும் மிச்சம். கற்றுக்கொடுப்பவருக்காகப் பக்கத்து ஸீட்டிலும் ஒரு பிரேக் வைத்த கார் அது. அதில் ஓட்டுவது நான், நிறுத்துவது அண்ணி.

"அத்தான் அனுப்பின ஆளுங்கதானே?" என்றார் வாத்தியார், கிரில்லுக்கு உள்ளேயிருந்து.

"ஆமா" என்றார் அண்ணி.

"அப்ப கதவைத் திறக்கிறதா இல்ல."

"திறக்காதீங்க சார். கிரில்லுல ஓட்டை நிறைய இருக்கு, பேச்சு தாராளமா வரும்" என்றேன்.

"இது யாரு?"

"என் கொழுந்தன். வாயைத் திறக்காத வரைக்கும் நல்லவன்."

"என் வகுப்புலயும் நாலு பேர் அப்படி இருக்காங்க."

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "செடியைத் திருடினீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படி உங்ககிட்ட வந்தது?"

"அதை நான் சொல்றதா இல்ல. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டாலும் இதே பதில்தான்."

"வேலை போயிடும் சார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பதில் தெரிஞ்ச கேள்வியை ரெண்டு தடவை கேக்கக் கூடாது. நேரம் வீணாகும்" என்றார் வாத்தியார். கை சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. எங்களுக்கு மார்க் போடத் துடிக்கிற கை.

"செடியையாவது பாக்கலாமா?" என்று கேட்டார் அண்ணி.

வாத்தியார் கிரில்லை விட்டு நகர்ந்தார். உள்ளே போனார். வராமலே இருந்துவிடுவார் என்று நான் நினைத்தபோது, இரண்டு கையாலும் ஒரு மண்தொட்டியை ஏந்திக்கொண்டு வந்து கிரில்லுக்கு அந்தப் பக்கம் நின்றார். ஒரே ஒரு பூ. சலவைக்குப் போட்டு எடுத்தாலும் இவ்வளவு வெள்ளை வராது. பூவை விட்டு என் கண்ணை எடுக்க முடியவில்லை. அண்ணியோ பூவை ஏறிட்டும் பார்க்காமல், குனிந்து தொட்டியின் மண்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கம்பிக்குள் ஒரு விரலை விட்டார்.

"தொடாதீங்க."

"தொடல. எண்ணுறேன்."

அந்தச் செடி மேலே வளர்வதைவிடப் பக்கவாட்டில் நகரும். வருஷத்துக்கு ஒரு குண்டுத் தண்டு, ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக. தொட்டியின் ஓரத்தில், இலையில்லாமல் சுருங்கிப்போன ஒரு கிழட்டுத் தண்டு. அதன் ஒரு பக்கம் கத்தியால் வெட்டுப்பட்டு, காய்ந்து கறுத்திருந்தது. அதற்கு முன்னால் வேர்க்கடலை அளவில் ஒரு தண்டு. அதற்கும் முன்னால் சுண்டுவிரல் அளவில் ஒன்று. கடைசியாகக் கட்டைவிரல் பருமனில், பூவோடு நிற்கிற தண்டு.

"வருஷத்துக்கு ஒண்ணுதானே?" என்றார் அண்ணி.

"எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"கிழத்தை விட்டுட்டா மூணு. அப்ப இது உங்ககிட்ட வந்து மூணு வருஷம்."

 வாத்தியார் தொட்டியை மார்போடு கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

"அஞ்சு மணிக்குப் புகார் போகுது சார். நாலே முக்காலுக்கு இந்தத் தொட்டியோட உங்க அக்கா வீட்டு கேட்டுக்கு வாங்க."

"அந்த கேட்டை நான் தாண்டி ஒன்பது வருஷமாச்சு."

"தாண்டச் சொல்லல. வெளிய வந்து நில்லுங்க, போதும்."

"எதுக்கு வரணும்?"

"நீங்க யாரையோ காப்பாத்திக்கிட்டு இருக்கீங்க. அது யாருன்னு நான் கண்டுபிடிச்சுட்டா, நீங்க இங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல."

உள்கதவு எங்கள் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது.

"பெயில் போட்டுட்டார் அண்ணி" என்றேன்.

"இல்ல. பேப்பரைத் திருத்தாம வெச்சிருக்கார். கிளம்பு."

டாக்டர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டு வந்தேன். செடி இங்கே இருக்கிறது, அங்கே இல்லை, எப்படி வந்தது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும், டாக்டர் சொன்னதுதானே சரி.

"கொழுந்தனாரே, நீ திருடன்னு வெச்சுக்கோ."

"என்ன அண்ணி, வீட்டுலயும் இப்படித்தான் பேசிக்குறீங்களா?"

"பசுமைக்குடிலுக்குள்ள போற. உப்பு நிக்குது. எதை எடுப்ப?"

"தொட்டியோட தூக்குவேன்."

"முழுசா எடுக்க முடியல, ஒரு துண்டுதான் வெட்ட முடியும். எந்தத் துண்டை வெட்டுவ?"

"இலை இருக்கிற, பூ வர்ற பக்கத்தை."

"இவர்கிட்ட இருக்கறது எது? இலை இல்லாத, சுருங்கின வால் துண்டு. அதுல ஆரம்பிச்சு, வேர்க்கடலை சைஸ்லேருந்து வளத்திருக்கார். எந்தத் திருடன் தலையை விட்டுட்டு வாலைத் திருடுவான்?"

"அவசரத்துல திசை தெரியாம வெட்டியிருப்பார்."

"அவசரக்காரன் மூணு வருஷம் பூவுக்குக் காத்திருக்க மாட்டான். அந்த மெசேஜை எடு."

டாக்டர் 'அசைக்க முடியாத ஆதாரம்' என்று எங்களுக்கு அனுப்பியிருந்த படம் அது. போன மாதம் அவருடைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. மனைவி பழையதாகிவிட்டதென்று ஓரமாக வைத்திருந்த போனை எடுத்து உபயோகித்தபோது அதில் இதைப் பார்த்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. வாத்தியாரின் நம்பரிலிருந்து அக்காவுக்கு ஒரே வரி. 'கண் பிழைச்சிடுச்சு. நிம்மதியா இரு.'

அந்தச் சமயத்தில் டாக்டர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, அதில் சீழ் பிடித்து, கண்ணில் கட்டோடு பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். 'நான் கண்ணு தெரியாமக் கிடந்தப்ப இவங்க ரெண்டு பேரும் திருட்டுத்தனமா பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. அந்த நேரம் பாத்துத்தான் அவன் உள்ள பூந்திருக்கான்' என்பது அவருடைய வாதம்.

காரை ஓரமாக நிறுத்தி, போனை எடுத்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு மறுபடி கிளம்பினேன். அடுத்த சிக்னலைத் தாண்டியதும் வண்டி சடாரென்று நின்றது. நான் நிறுத்தவில்லை. பின்னால் வந்த வேன்காரர் ஜன்னல் வழியாக எங்கள் பரம்பரையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணி, யோசனை வந்தா சொல்லுங்க. மிதிக்காதீங்க."

"கண் ஆபரேஷன் யாருக்கு?"

"டாக்டருக்கு."

"கண்ணு பிழைச்சுதா போச்சாங்கறது முதல்ல யாருக்குத் தெரியும்?"

"கூட இருந்த சம்சாரத்துக்கு."

"அப்ப அந்தச் சேதி யார்கிட்டேருந்து யாருக்குப் போகணும்?"

"அக்காகிட்டேருந்து தம்பிக்கு." சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. "இது தம்பிகிட்டேருந்து அக்காவுக்கு வந்திருக்கு."

"ஆஸ்பத்திரியில பக்கத்துலயே உக்காந்திருக்கிற பொம்பளைக்கு, ஊர்ல இன்னொரு மூலையில இருக்கிற ஆள், உன் புருஷன் கண்ணு பிழைச்சிடுச்சுன்னு ஏன் சொல்லணும்? அந்தக் கண்ணு ஆஸ்பத்திரியில இல்ல. வாத்தியார் வீட்டுல இருந்தது."

"ஒருவேளை கன்னுன்னு எழுத வந்து தப்பா எழுதிட்டாரோ? செடிக் கன்னு?"

"ஒரு சுழிக்காக ஒன்பது வருஷமா கேட்டுக்கு வெளிய நிக்கிற மனுஷன், சுழியில தப்புப் பண்ணுவாரா? மூணு சுழி போட்டிருக்கார். கண்ணுதான்."

"யாரோட கண்ணு?"

"வியாழக்கிழமை டாக்டர் ஒவ்வொரு தண்டோட அடியிலயும் கடுகு மாதிரி ஒரு முளையைக் காட்டினாரே, அதை என்னன்னு சொன்னார்?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைப் பிளந்தேன். கரும்புக்கும் உருளைக்கிழங்குக்கும் இருக்கிற மாதிரி, அந்த முளைக்குக் கண் என்றுதான் பெயர். நூற்று நாற்பது தொட்டியிலும் காட்டினார்.

"நாள் முழுக்க கண்ணு கண்ணுன்னு பேசுற மனுஷன் அண்ணி அவர். அவருக்கே இது தோணலயே."

"தோணாது. படிச்சதும் அவருக்குத் தன் கண்ணு ஒண்ணுதான் ஞாபகம் வந்திருக்கு. வண்டியை எடு. இன்னொண்ணு பாக்கணும்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து. டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு பசுமைக்குடில் வாசலில் நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபோல்டர். டைப் செய்த புகார் வெளியே தெரிந்தது.

"நிரூபணம் எங்க?" என்றார்.

"உள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி அவரைத் தாண்டி நுழைந்தார்.

உள்ளே டாக்டரின் மனைவி ஹோஸ் பைப்பால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்த, உயரமான அம்மாள். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"இவ மூணு வாரம் மகள் பிரசவத்துக்குப் போயிட்டு திங்கட்கிழமைதான் வந்தா. அதுக்குள்ள தரையெல்லாம் வழுக்குது" என்றார் டாக்டர், தரை வழுக்குவதும் மகள் பெற்றதும் மனைவியின் குற்றம் என்கிற தோரணையில். "தண்ணியை நிறுத்து. பேசிக்கிட்டு இருக்கோம்ல."

தண்ணீர் நிற்கவில்லை. கொஞ்சம் குறைந்தது.

அண்ணி 'உப்பு' லேபிள் வைத்த தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். இளஞ்சிவப்புப் பூ அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "டாக்டர், மத்த தொட்டியில எல்லாம் மரப்பட்டைத் துண்டு மட்டும்தான் இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும் மேல பாசியால போர்வை எதுக்கு?"

"மாத்தி நட்டதுக்கு அப்புறம் ஈரம் காக்கட்டும்னு இவதான் போட்டா. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

அண்ணி பாசியை மெதுவாக விலக்கினார். அந்த நேரம் பார்த்து ஹோஸ் பைப் திசை மாறி என் இரண்டு ஷூவையும் நிரப்பியது.

பாசிக்கு அடியில் வேர்கள். ஒவ்வொன்றின் நுனியும் சிவப்பு மையில் தோய்த்து எடுத்த மாதிரி இருந்தது.

"கலர் பூவுக்கு வேர் நுனி சிவக்கும், வெள்ளைக்குப் பச்சையாவே இருக்கும்னு சொன்னீங்க. இந்தப் போர்வை இல்லாம இருந்தா மூணு வருஷம் முன்னாடியே நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க."

"அதான் சொல்றேனே, மாத்தி வெச்சுட்டான்னு."

"இருங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமும் இது ஏன் பூக்கல?"

"மாத்தி நட்டா கோவிச்சுக்கும். ரெண்டு வருஷம் பூக்காது. புஸ்தகத்துலயே இருக்கு."

"இது புஸ்தகம் படிக்கல போல. போன வருஷமும் மொட்டு வெச்சிருக்கு, அதுக்கு முந்தின வருஷமும் வெச்சிருக்கு. பாருங்க." இரண்டு பழைய தண்டுகளின் உச்சியிலும் காய்ந்த மொட்டு உறை ஒன்று நின்றது. இரண்டும் கத்தரிக்கோலால் நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தன. "யாரோ மொட்டு வர வரக் கத்தரிச்சிருக்காங்க."

"அவன்தான்."

"கேட்டைத் தாண்டாத மனுஷன், வருஷா வருஷம் மொட்டு விடுற வாரம் பாத்து உள்ள வந்து ஒரே ஒரு மொட்டைக் கத்தரிச்சுட்டுப் போனாரா? சரி. இந்த வருஷம் மட்டும் ஏன் வரல?"

"லீவு கிடைச்சிருக்காது" என்றேன்.

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. "டாக்டர், இந்த வருஷம் மொட்டு விட்ட மூணு வாரம் இந்த வீட்டுல யார் இல்ல?"

தண்ணீர் நின்றது. குழாயை மூடிய சத்தம் தெளிவாகக் கேட்டது.

டாக்டர் முதலில் தொட்டியைப் பார்த்தார். பிறகு பாசியை. பிறகுதான் மனைவியை.

"நீங்க நிரூபணம் கேட்டீங்க. உங்க மச்சினர் எதையும் திருடலங்கறதுக்கு நிரூபணம் என்கிட்ட இருக்கு" என்றார் அண்ணி. "மீதியை நான் சொல்றது முறையில்ல." அந்த அம்மாளைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அம்மா, உங்க தம்பி வாயைத் திறக்க மாட்டேங்கிறார். வேலை போனாலும் பரவாயில்லைங்கிறார். அஞ்சு மணிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு" என்றார்.

அந்த அம்மாள் ஹோஸ் பைப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். கையைப் புடவையில் துடைத்தார். அவசரமே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உப்பை அந்தப் பளபளப்புத் தொட்டியில மாத்தி நட்டீங்க" என்றார் கணவரிடம். "அடியில ஓட்டை சின்னதா இருக்கு, தண்ணி இறங்காதுன்னு சொன்னேன். நீ உன் அடுப்பைப் பாருன்னீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன..."

"முழுசா சொல்லிடறேன், அப்புறம் கத்துங்க. நீங்க கண்ணுல கட்டோட இருந்தப்ப ஒரு நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். தண்டெல்லாம் கூழாயிருந்தது. விரலை வெச்சா உள்ள போச்சு. கடைசில ஒரே ஒரு கிழட்டுத் தண்டுதான் கெட்டியா இருந்தது. அதுல ஒரே ஒரு கண்ணு. கத்தியை அடுப்புல சுட்டு அதை மட்டும் வெட்டி எடுத்தேன். வெளிய வந்து நிக்கிறேன், கையில அது, யார்கிட்ட கொண்டு போறதுன்னு தெரியல. இந்த ஊர்ல அதைக் காப்பாத்தத் தெரிஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடக்கார்."

"அவன்கிட்ட போனியா?"

"ஆறு வருஷம் பேசாத தம்பி வீட்டு வாசல்ல, ஈரத்துணியில சுத்தின குச்சியோட போய் நின்னேன். ஏன் வந்தேன்னு கேக்கல. இத்தனை நாள் எங்க போயிருந்தேன்னு கேக்கல. 'கண்ணு இருக்கா அக்கா?'ன்னான், அவ்வளவுதான். வாங்கி உள்ள கொண்டு போயிட்டான்."

"இந்தச் சிவப்பை யார் இதுல வெச்சது?"

"நான்தான். உப்பு பூத்ததும் அவன்கிட்டேருந்து வாங்கி மாத்தி வெச்சுடலாம், உங்களுக்குத் தெரியவே வேண்டாம்னு நினைச்சேன். அது பூத்த நேரம் நான் இங்க இல்ல."

"மூணு வருஷம்" என்றார் டாக்டர். முகத்தின் சிவப்பு காது வரை போய்விட்டது. "மூணு வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்க. தினம் வந்து இதுக்கு முன்னாடி நின்னிருக்கேன். நீயும் பக்கத்துல நின்னிருக்க."

"ஆமா."

"செடியைக் கொன்னது நான்னு சொல்ற."

"அழுகினது நீங்க நட்டதுனால. பிழைச்சது அவன் பாத்துக்கிட்டதுனால. நான் சொல்லாட்டியும் அதுதானே நடந்தது."

"என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு எழுத்தைத் திருத்தினதுக்கே ஒன்பது வருஷம். செடியைக் கொன்னுட்டீங்கன்னு சொல்லியிருந்தா எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?"

எனக்கு ஒரு பதில் நாக்கு நுனிக்கு வந்தது. அண்ணி என் ஈரமான ஷூவின்மேல் தன் காலை வைத்து அழுத்தினார். கார் இல்லாத இடத்திலும் அவருக்கு பிரேக் உண்டு.

கேட்டில் மணி அடித்தது.

பசுமைக்குடில் வாசலிலிருந்து பார்த்தால் கேட் நேராகத் தெரியும். வாத்தியார் வெளியே நின்றிருந்தார். ஒரு கையில் தொட்டி, மறு கையில் குடை. வெயில் இவர் தலையில், குடை செடிக்கு.

டாக்டர் மடமடவென்று நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். கேட்டுக்கு நாலடி இருக்கும்போது அவர் நின்றுவிட்டார். அந்த வெள்ளைப் பூவை அவர் பார்த்து மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. ஃபோல்டரைப் பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது. அவர் பார்வை பூவிலிருந்து இறங்கி, கட்டைவிரல் தண்டு, சுண்டுவிரல் தண்டு, வேர்க்கடலைத் தண்டு என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய், அந்தச் சுருங்கிப்போன கிழத்தில் வந்து நின்றது. அவருக்கு எண்ணத் தெரியும். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்தது, "அது என் செடி. கேட்டுல வெச்சுட்டுப் போகச் சொல்லு" என்பதுதான். மனைவியிடம்தான் சொன்னார், வாத்தியாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்தான்கிட்ட சொல்லு அக்கா" என்றார் வாத்தியார், அவரும் அக்காவைப் பார்த்தே. "வேர் இப்பத்தான் பிடிச்சிருக்கு. தொட்டியோட எடுத்துக்கட்டும். பெரிய தொட்டிக்கு மாத்த வேண்டாம்னு சொல்லு."

"எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்னு சொல்லு."

"பாடம் இல்ல, கெஞ்சறேன்னு சொல்லு."

"நாலடி தூரத்துக்கு நடுவுல ஒரு தபாலாபீஸ்" என்று நான் முணுமுணுத்தேன். இந்தத் தடவை அண்ணி மிதிக்கவில்லை.

"என்ன நின்னுக்கிட்டு இருக்க? போய் வாங்கிட்டு வா" என்றார் டாக்டர்.

அந்த அம்மாள் கேட் வரைக்கும் போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். தம்பி தொட்டியை நீட்டினார், கம்பிகளுக்கு மேலாக. அதை அவர் வாங்கவில்லை. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, கேட்டில் முதுகு படும்படி கணவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி நேராக நின்று பேசியதை டாக்டர் பார்த்திருக்க மாட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"வாங்க மாட்டேன்" என்றார் அந்த அம்மாள். "போலீஸுக்குப் போகணும்னா போங்க, என் பேரையும் சேத்து எழுதுங்க. செடி வேணும்னா, அதை வெச்சிருக்கிறவன் இங்கதான் நிக்கிறான். ஒன்பது வருஷமா ஒவ்வொரு நல்ல நாள்லயும் இதைக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும், உங்க மூஞ்சியைப் பாத்துட்டு முழுங்கிடுவேன். இன்னைக்குக் கேக்குறேன். என்கிட்ட சொல்லி அனுப்பாதீங்க. நீங்களே, உங்க வாயால, என் தம்பியை உள்ள வான்னு கூப்பிடுங்க."